ஜாங்கிரிக்குக் கேரட் ஆகாது: காக்டெயிலைக் காய்கறிக்குப் பழக்க எந்த வழி தேறும்?

காக்டெயில் என்பது தலையில் கொண்டை வைத்த ஒரு சின்னக் கிளி வகை. எங்கள் வீட்டுக் காக்டெயிலுக்கு ஜாங்கிரி என்று பெயர். கன்னத்தில் இருக்கிற அந்த ஆரஞ்சு வட்டத்தைப் பார்த்து என் மகள் வைத்தது. அதே ஆரஞ்சு நிறத்தில் கேரட்டைத் துருவிக் கிண்ணத்தில் வைத்த முதல் நாள், ஜாங்கிரி கொண்டையை ஊசி மாதிரி நிமிர்த்திக்கொண்டு கூண்டின் மறுகோடிக்குப் போய்க் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தை வெளியே எடுத்த பிறகுதான் மூச்சு விட்டது. நாங்கள் சிரித்தோம். அப்புறம் கொத்தமல்லி, பீன்ஸ், ஆப்பிள், வெள்ளரி என்று ஒவ்வொன்றாக வைத்து, வாடிப்போனதும் ஒவ்வொன்றாகக் குப்பையில் கொட்டி, ஆறு மாதம் ஓடிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"விதை தின்கிற பறவை விதை தின்கிறது, அதற்கு என்ன இப்போது?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற காக்டெயில் பெரும்பாலும் புல்விதைதான் தின்கிறது, உண்மை. ஆனால் அது நாள் முழுக்கப் பறக்கிறது, பல வகைப் புல்லைப் பல பருவத்தில் தின்கிறது, பச்சையாகவும் தின்கிறது. நம் வீட்டில் இருப்பதோ காய்ந்த தினை, கம்பு, குசும்பா, சூரியகாந்தி கலந்த ஒரு பொட்டலம், அதிலும் சூரியகாந்தியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சோம்பேறி. காய்ந்த விதையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியம் மிகக் குறைவு. சூரியகாந்தி விதையில் பாதியளவுக்குக் கொழுப்பு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோல் கெட்டுக் கிருமி எளிதாக ஒட்டும். கால்சியம் குறைந்த பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கொழுப்பு ஈரலில் போய் உட்காரும். 15, 20 வருடம் வாழக்கூடிய பறவை பாதியிலேயே போய்விடுவதற்கு இதெல்லாம் போதும்.

சரி, பழக்க வேண்டும். எப்படி? இதில்தான் ஆளுக்கொரு யோசனை. நான் எட்டு வழிகளை ஏதோ ஒரு அளவில் செய்து பார்த்தவள், அல்லது செய்து பார்க்க நினைத்து விசாரித்துவிட்டு விலகியவள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் சமமாக நிற்காது. இரண்டு வழிகள் நல்லவை, ஒன்று ஆபத்து, மீதி எல்லாம் யார் வீட்டில் எப்படிப்பட்ட பறவை என்பதைப் பொறுத்தது.

ஆனால் அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜாங்கிரிக்குக் கேரட் "பிடிக்கவில்லை" என்றுதான் நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வாயாவது வைத்துப் பார்த்திருக்க வேண்டுமே! குஞ்சாக இருந்தபோது சிரிஞ்சில் மாவு ஊட்டி, அது நின்றதும் நேரே விதைக்கு மாற்றி, விற்றுவிட்டார்கள். எது சாப்பாடு என்று கற்றுக்கொள்கிற அந்தச் சில வாரத்தில் அதன் கண்ணில் பட்டது விதை மட்டும்தான். அதற்குக் கேரட் என்பது நமக்கு மேசைமேல் யாரோ செங்கல் தூள் வைத்த மாதிரி. அதனால் ஒவ்வொரு வழியையும் நான் பார்ப்பது இப்படித்தான்: இது சாப்பாடு என்று அதன் மண்டையில் ஏற இந்த வழி உதவுகிறதா? உதவாத வழி எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, எதுவும் தின்பதற்கு முன், தினமும் அதே நேரத்தில் எடை பாருங்கள். காக்டெயில் ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் வரை இருக்கும் பறவை, உடம்பு இளைத்தாலும் இறகு மூடி மறைத்துவிடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் எந்த வழியாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழைய விதையைக் கொடுங்கள், பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். தராசு இல்லாமல் இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் ஆபத்தான வழியை முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வதும் அதுதான். விதை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொன்னார், "ரெண்டு நாள் விதையை எடுத்துடுங்க மேடம். மூணாம் நாள் கல்லக் குடுத்தாலும் திங்கும்." அம்மாவும் அதையே வேறு மாதிரி சொன்னாள், பசித்தால் தானாகத் தின்னும் என்று. பிள்ளை வளர்த்த அனுபவம். நான் ஒன்றரை நாள் செய்தேன், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. 92 கிராம் இருந்த ஜாங்கிரி 84 கிராமுக்கு வந்துவிட்டது. இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, கிண்ணத்தில் நான் அழகாக அரிந்து வைத்திருந்த காயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. விதையைக் கொட்டியதும் அது தின்ற வேகத்தைப் பார்த்து என் மகள் அழுதாள்.

சின்ன உடம்பு, வேகமாக எரிகிற உடம்பு, சேமிப்பு கொஞ்சம்தான். நாய்க்கும் நமக்கும் ஒரு நாள் பட்டினி ஒன்றுமில்லை, இதற்கு அப்படி இல்லை. ஏற்கெனவே விதையே தின்று ஈரலில் கொழுப்பு ஏறிய பறவைக்குத் திடீர்ப் பட்டினி இன்னும் கெடுதல். அதைவிட முக்கியமாக, எனக்குத் தோன்றுவது என்னவென்றால், பசி பறவையைத் துணிச்சலாக்கவில்லை, பயத்தைத்தான் கூட்டியது. சாப்பாடென்றே தெரியாத ஒன்றைப் பசிக்காக எப்படித் தின்னும்? இன்னொரு கண்ணியும் இதில் இருக்கிறது. காக்டெயில் விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும், மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நிறைய விதை இருப்பது போலவே தெரியும். வேண்டுமென்று பட்டினி போடாதவர்கள்கூட இப்படித் தெரியாமல் போட்டுவிடுகிறார்கள். வாயால் ஊதிப் பாருங்கள், உமி பறந்தால் தெரிந்துவிடும்.

பட்டினிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரித் தெரிந்தாலும் முற்றிலும் வேறானது நேரம் பார்த்து வைக்கும் வழி. பறவைகள் விடிந்ததும் ஒருமுறை, அடைவதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தின்னும். அதனால் காலை ஆறு மணிக்கு விழித்ததும் காயோ கீரையோ முளையோ மட்டும் கூண்டில் இருக்கும், ஏழரைக்கு வழக்கமான விதை, மாலையில் மறுபடியும் விதை. தின்றாலும் தின்னாவிட்டாலும் ஏழரைக்கு விதை வந்துவிடும், அதில் பேரமே கிடையாது. இதனால் பொதுவாக எடை குறையாது. குஞ்சு, நோயாளி, முட்டையிடும் பெட்டை இவற்றுக்கு மட்டும் இதையும் செய்யாதீர்கள்.

இது தனியாக வேலை செய்யுமா என்றால், எங்கள் வீட்டில் செய்யவில்லை. மூன்று வாரம் ஜாங்கிரி ஏழரை மணிக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். சமையலறை அலமாரி திறக்கும் சத்தத்துக்கே விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, நான் அதைப் பழக்குகிறேனா அது என்னைப் பழக்குகிறதா என்று புரியவில்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் எந்த வழியானாலும் இந்தக் காலை ஒன்றரை மணி நேரத்தில் செய்தால் பலன் கூடுகிறது. விதையால் வயிறு நிறைந்த பறவையிடம் பத்து மணிக்குக் கீரையை நீட்டி என்ன பயன்?

அடுத்து, பறவை வளர்ப்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் துருவல் கலவை. பத்துப் பன்னிரண்டு காய், இரண்டு கீரை, கொஞ்சம் வெந்த தானியம், எல்லாவற்றையும் பொடியாக அரிந்து கலந்து, ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, தினம் ஒன்று எடுப்பது. பார்க்க அத்தனை அழகாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போகும். பெரிய கிளி வகைகளுக்கு இது நன்றாகப் போகிறது, அவை காலால் துண்டை எடுத்துக் கடித்துப் பார்க்கிற ஆட்கள். காக்டெயில் அப்படி இல்லை. அது கோழி மாதிரி தரையில் பொறுக்குகிற பறவை, காலால் எடுத்துத் தின்பது இதன் வழக்கம் இல்லை, அலகும் சின்னது. ஈரமாக நசநசவென்று அலகில் ஒட்டுவது அதற்கு ஆகவே ஆகாது, ஒருமுறை ஒட்டிவிட்டால் கம்பியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் துடைத்துக்கொண்டு நம்மை முறைக்கும்.

கலவைதான் வேண்டும் என்றால் கம்பு விதை அளவுக்கு அரிந்து, துணியில் கட்டி நீரைப் பிழிந்து, ஆழமான கிண்ணத்தில் இல்லாமல் தட்டையான தட்டில் பரப்பி, மேலே கொஞ்சம் விதை தூவி வையுங்கள். விதையைப் பொறுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் துணுக்கு நாக்கில் படும் என்பது கணக்கு. நடக்கவும் செய்யும், ஆனால் மெதுவாக. ஜாங்கிரி நகைக்கடைத் தட்டான் மாதிரி ஒரு கீரைத் துணுக்கையும் தொடாமல் விதையை மட்டும் எடுத்தது. இன்னொரு பிரச்சினை நம் வெயில். சென்னை மே மாதத்தில் அந்த ஈரக் கலவை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருந்தால் எனக்குப் பயம், மற்ற மாதத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க மாட்டேன். என் கணக்கில் கலவை என்பது ஏற்கெனவே நாலைந்து காய் தின்னப் பழகிவிட்ட பறவைக்கு, நம் வேலையைக் குறைக்க. பழக்குவதற்கு முதல் படி அல்ல.

முதல் படி எது என்று கேட்டால் முளைகட்டிய தானியம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

தெரிந்த தானியம், தெரிந்த உருவம், தெரிந்த இடம். ஒரு சின்ன வால் மட்டும் புதுசு. பறவை பயப்பட அதில் ஒன்றுமில்லை, ஆனால் கடித்தால் உள்ளே மெத்தென்று, கொஞ்சம் இனிப்பாக, ஈரமாக இருக்கிறது. விதை என்று நினைத்துத் தின்றுவிட்டு, ஈரமானதும் பச்சையானதும் சாப்பாடுதான் என்று அதுவாகவே கற்றுக்கொள்கிறது. இதில் இன்னொரு நியாயமும் உண்டு. பால் பிடித்த கதிர் என்று நம் ஊரில் சொல்வோமே, காய்ந்து கெட்டியாகாத அந்த இளம் தானியம், அதன்மேல் காட்டுக் காக்டெயிலுக்கு ஒரு தனி ஆசை, ஆஸ்திரேலிய விவசாயிகளின் சோளக்கொல்லையில் இறங்கித் திட்டு வாங்குகிற பறவை அது. தினைப்புனத்தில் பரண் ஏறி நின்று வள்ளி ஆலோலம் பாடி விரட்டியதும் இதே ஆசையோடு வந்த கிளிகளைத்தான். நாம் விரட்டாமல் கூப்பிட்டுப் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எதை முளைகட்டுவது? கம்பு, கேழ்வரகு, பச்சைப்பயறு மூன்றும் மளிகைக் கடையிலேயே கிடைக்கும், நன்றாக முளைக்கும். தினை, சாமை வாங்கினால் கவனம், சமையலுக்கு விற்பது உமி நீக்கித் தீட்டியது, பெரும்பாலும் முளைக்காது, ஊறி நாறும். எனக்கு இது தெரியாமல் ஒரு கிலோ தினை வாங்கி, கடைசியில் நாங்களே பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். தினை முளைக்க வேண்டும் என்றால் பறவைக்கு விற்கும் உமியோடு கூடிய தினையைப் பயன்படுத்துங்கள். அந்தக் கலவை விதையில் முளைப்பது எத்தனை, அழுகுவது எத்தனை என்று பார்த்தாலே நீங்கள் வாங்குவது புதுசா பழசா என்றும் தெரிந்துவிடும். விதைப்பதற்கென்று மருந்து தடவி விற்கும் விதையைத் தொடவே கூடாது. ராஜ்மா மாதிரிப் பெரிய பயறுகள் பச்சையாக நஞ்சு, அவையும் வேண்டாம்.

இரவு ஊற வைத்து, காலையில் இரண்டு மூன்று முறை அலசி, மெல்லிய துணியில் கட்டித் தொங்க விடுங்கள். நம் வெக்கையில் ஒரு நாளிலேயே வெள்ளை முனை எட்டிப் பார்த்துவிடும், அதுதான் பதம். நீளமாக வளர விட வேண்டாம். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் அலசியே ஆக வேண்டும். கொடுக்கும் முன் முகர்ந்து பாருங்கள், மண் வாசனை, பச்சை வாசனை என்றால் சரி, புளிப்பு வாடையோ வழுவழுப்போ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சை பறவைக்கு ஆகவே ஆகாது, நுரையீரலைப் பிடித்தால் மீள்வது கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் முளைகட்டுவதையே நிறுத்திவிடுவேன், துணியே காயாதபோது முளை எப்படி நன்றாக இருக்கும்?

ஜாங்கிரி நாலாம் நாள் முளைத்த கம்பைத் தின்றது. ஒன்றை எடுத்து, நாக்கால் உருட்டி, கீழே போட்டு, மறுபடி எடுத்து, வாலைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைத் தின்றது. பத்து நாளில் வாலோடு தின்ன ஆரம்பித்தது. அப்போதுதான் என் தந்திரத்தைச் செய்தேன். ஈர முளையில் நன்றாகத் துருவிய கேரட்டை ஒரு சிட்டிகை பிசிறினேன். முளையின் ஈரத்தில் கேரட் ஒட்டிக்கொள்கிறது, தட்டி விடவும் முடியாது. முளைக்காகக் கேரட்டையும் விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆறு மாதம் எந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டதோ அந்தக் கேரட் முதல்முறை வயிற்றுக்குள் போனது இப்படித்தான். காய் வைட்டமின் ஏவுக்கு, முளை வெறும் பாலம், இதை மறந்துவிட்டு முளையோடு நின்றுவிடாதீர்கள்.

முளையை அலசிக்கொண்டிருக்க நேரமில்லை என்பவர்களுக்கு இதன் சோம்பேறித் தம்பி ஒன்று இருக்கிறது. ஒரு தட்டில் உரம் போடாத மண்ணைப் பரப்பிப் பறவை விதையையே தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால் ஒரு வாரத்தில் புல். அந்தத் தட்டை அப்படியே கூண்டுத் தரையில் வைத்தால், பொறுக்கித் திரிகிற பறவைக்கு அது விளையாட்டும் ஆகிறது சாப்பாடும் ஆகிறது. மாடியில் தொட்டி இருந்தால் கம்பை வளர விட்டு, கதிர் பால் பிடித்ததும் ஒடித்துக் கொடுத்துப் பாருங்கள், கதிரை வேண்டாம் என்று சொன்ன காக்டெயிலை நான் இன்னும் பார்க்கவில்லை.

கீரைக் கொத்து தொங்கவிடுவது இன்னொரு வழி, செலவே இல்லாதது. முருங்கை இணுக்கு ஒன்றையோ கொத்தமல்லிக் கட்டில் பாதியையோ தண்ணீர் சொட்டச் சொட்டக் கழுவி, அது வழக்கமாக உட்காரும் கம்புக்குப் பக்கத்தில் துணி கிளிப்பில் மாட்டிவிடுவது. முதலில் கூண்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி, தினமும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாருங்கள், நேராக முகத்துக்கு நேரே மாட்டினால் அன்று முழுக்க அந்தப் பக்கமே வராது. சில காக்டெயில்களுக்கு ஈர இலையில் உரசிக் குளிப்பது பிடிக்கும், குளிக்கப் போனது அப்படியே கடித்துப் பார்க்கும். முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் நிறைய, இலையும் அதன் அலகுக்கு ஏற்ற சின்ன இலை, இவ்வளவு பொருத்தமான கீரை பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போது பாலக் வாங்க ஓடுவானேன்? பாலக்கில் இருக்கிற ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், என்றைக்கோ ஒரு நாள் போதும். சந்தைக் கீரையில் மருந்து அடித்திருப்பார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு, நன்றாக ஊற வைத்து அலசுங்கள்.

இந்த வழியின் குறை, கிழிப்பதும் தின்பதும் ஒன்றல்ல. ஜாங்கிரி ஒரு வாரம் முருங்கை இலையைக் கிழித்துத் தரையில் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தது, நான் தின்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எச்சத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். காய், கீரை உள்ளே போனால் எச்சத்தில் தண்ணீர் கூடும், நிறம் மாறும், அது பேதி அல்ல. பீட்ரூட் தின்ற மறுநாள் ரத்தம் என்று நினைத்து ஆட்டோ பிடிக்காதீர்கள். காய் தின்னாத நாளிலும் தண்ணீராகவே போனால், அதுதான் மருத்துவரிடம் போக வேண்டிய சேதி.

முளைக்கு இணையாக நான் நம்பும் இன்னொரு வழி, கூட உட்கார்ந்து சாப்பிடுவது. கூட்டத்தில் வாழ்கிற பறவை, மற்றவன் தின்பதைப் பார்த்துத்தான் எது தின்னலாம் என்று தெரிந்துகொள்ளும். நம் வீட்டில் அந்த மற்றவன் நாம்தான். அம்மா ஒரு நாள் சாயங்காலம் உப்பு போடாமல் வேக வைத்த மக்காச்சோளத்தை வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜாங்கிரி அவள் தோளில். அம்மாவுக்குப் பறவையைப் பழக்கும் எண்ணமெல்லாம் இல்லை, அவள் கவனம் முழுக்கத் தொலைக்காட்சியில். ஜாங்கிரி தோளிலிருந்து கைக்கு இறங்கி, கையிலிருந்து கதிருக்கு நகர, அம்மா "ச்சீ போ, இது எனக்கு" என்று தள்ளினாள். அவ்வளவுதான், மறுபடி வந்து ஒரு முத்தைக் குத்தியே விட்டது. அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது: நீட்டக் கூடாது. நீட்டுகிற கை பயமுறுத்துகிறது, ஒளித்துத் தின்கிற வாய் ஆசை காட்டுகிறது. தட்டில் காயை வைத்து, ஒரு விரல் நகத்தால் அலகு கொத்துவது போலத் தட்டித் தட்டி, ரசித்துத் தின்னுங்கள், பறவை பக்கம் பார்க்கவே வேண்டாம்.

அதற்காகச் சாம்பார்த் தட்டில் விட்டுவிடாதீர்கள். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ, சாக்லெட், காபி, டீ எல்லாம் நஞ்சு, ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள். நாம் கடித்த பக்கத்தைக் கொடுப்பதும் வாயிலிருந்து ஊட்டுவதும் கூடவே கூடாது, நம் எச்சிலில் இருக்கும் கிருமி பறவைக்கு ஆகாது. ஒரு வேடிக்கை, பச்சை மிளகாய் கொடுக்கலாம். பறவைகளுக்குக் காரம் தெரியாது. ஜாங்கிரி மிளகாயைப் பிளந்து விதையைத் தின்னும்போது பார்க்கிற நமக்குத்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

கூட உட்கார்ந்து சாப்பிடும் வழிக்கு ஒரே நிபந்தனை, பறவை நம்மிடம் ஒட்டியிருக்க வேண்டும். கை பக்கத்தில் வந்தாலே சீறுகிற பறவைக்கு நாம் கூட்டத்தில் ஒருவர் அல்ல, பருந்து. அதனிடம் சோளத்தை ரசித்துத் தின்று காட்டி என்ன ஆகப் போகிறது?

"இன்னொரு காக்டெயில் வாங்கினால் அதைப் பார்த்துத் தின்னுமே" என்று ஒரு யோசனை வரும். தின்னும்தான், ஏற்கெனவே காய் தின்கிற பறவையாக அது இருந்தால். ஆனால் புதுப் பறவையைக் குறைந்தது ஒரு மாதமாவது வேறு அறையில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், செலவு இரட்டிப்பு, சத்தம் நான்கு மடங்கு, கடையிலிருந்து வருவதும் விதை மட்டுமே தெரிந்ததாக இருந்தால் வீட்டில் கீரை தின்னாத இரண்டு பேர். ஒரு கேரட்டுக்காக இருபது வருடப் பொறுப்பை வாங்காதீர்கள்.

வெதுவெதுப்பாக வேக வைத்த சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய் சில பறவைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போகிறது, வைட்டமின் ஏவும் பரங்கியிலும், உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் சர்க்கரைவள்ளியிலும் நன்றாகவே உண்டு. ஆனால் மென்மையான, சூடான சாப்பாடு கிடைத்தால் குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைக்கிற உடம்பு அதனுடையது. ஓயாமல் முட்டையிடும் பெட்டை உங்களிடம் இருந்தால் இந்த வழி வேண்டாம், முளையைக்கூட அளவாகக் கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நான் வழி என்றே எண்ணவில்லை. வெளிச்சத்தில் சத்து போகிறது, வெக்கையில் தண்ணீர் கெடுகிறது, சுவை மாறியதால் பறவை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும், அதைக் கம்பியில் கட்டிவிடுங்கள். பெல்லட் என்கிற, சத்தெல்லாம் கலந்து குருணையாக்கி விற்கும் தீவனம் தனிக் கதை, நல்ல உணவுதான், ஆனால் அதற்கு மாற்றுவதும் இதே அளவு பெரிய மாற்றம், காய்க்கும் பெல்லட்டுக்கும் ஒரே மாதத்தில் பழக்க முயன்றால் இரண்டும் கெடும்.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு எது? தோளில் உட்காரும் பறவை என்றால் இன்று மாலையே சோளத்தோடு உட்காருங்கள், முளையைக் காலையில் தனியாக ஆரம்பியுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு காய் உள்ளே போயிருக்கும். கையைப் பார்த்தாலே ஓடுகிற பறவை என்றால் முளையும் புல் தட்டும் மட்டும், நீங்கள் வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள், பார்த்துக்கொண்டே நின்றால் தின்னாது. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் முளையைக் கூண்டில் வைத்துவிட்டுப் போக முடியாது, எடுக்க ஆள் இருக்காது, அதற்குப் பதில் முருங்கைக் கொத்து நல்லது, அது வாடுமே தவிர அவ்வளவு சீக்கிரம் கெடாது. எடை ஏற்கெனவே குறைவாக இருந்தாலோ, மூக்கு ஒழுகினாலோ, வால் மூச்சுக்கு மூச்சு ஆடினாலோ இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், முதலில் மருத்துவர். ஒரே நாளில் நாலு வழியையும் தொடங்கிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் முழிக்கவும் வேண்டாம். ஒரு காயை எடுத்தால் இரண்டு வாரமாவது தினமும் அதையே வையுங்கள். தினம் ஒரு புதுக் காய் வைத்து நான் செய்த தப்பு அதுதான், ஜாங்கிரிக்கு எதுவுமே பழக்கமான முகமாக மாறவே இல்லை.

இன்று காலை ஜாங்கிரி 91 கிராம். முளை தின்கிறது, முருங்கை தின்கிறது, கேரட்டை நீளவாக்கில் துருவினால் தின்கிறது, குறுக்கே அரிந்தால் தொடாது, காரணம் அதற்குத்தான் வெளிச்சம். பீன்ஸை மட்டும் ஒன்றரை வருடம் ஆகியும் ஏற்கவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கம்பிக்கு வெளியே நீட்டிப் போட்டுவிட்டு, கீழே விழுந்ததா என்று தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கிறது. அம்மா விளக்குமாற்றோடு பக்கத்திலேயே நிற்கிறாள்.